டோல்கேட்டில் ஒரு எஸ்.பி.

பரனூர் டோல்கேட் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பொங்கல், தீபாவளி லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் மணிக்கணக்கில் நின்று புலம்பியவர்கள்தானே நாம் எல்லோரும்! விழுப்புரத்திலிருந்து புறப்பட்டால் விக்கிரவாண்டியில் ஒரு தடவை, திண்டிவனம் தாண்டி ஆத்தூரில் ஒரு தடவை, அப்புறம் பரனூர். அதைக் கடந்துவிட்டால் சென்னை வந்துவிட்ட மாதிரிதான்.

2021 பிப்ரவரி 22-ம் தேதி அந்த டோல்கேட்டில் ஒரு கார் மறிக்கப்பட்டது. மறித்தது ரவுடிகள் இல்லை, போலீஸ். அதிரடிப் படையோடு வந்து நின்றவர் அப்போதைய செங்கல்பட்டு மாவட்ட எஸ்.பி. கார் சாவி பிடுங்கப்பட்டது. உள்ளே இருந்தவரிடம், ‘போனில் அய்யா இருக்கிறார், பேசுங்கள்’ என்று நெருக்கடி கொடுக்கப்பட்டது.

சரி, காருக்குள் இருந்த குற்றவாளி யார்? குற்றவாளியே இல்லை. அவரும் ஒரு எஸ்.பி.! ஐ.பி.எஸ். படித்த பெண் அதிகாரி. முதல் நாள், முதலமைச்சரின் சுற்றுப்பயண பந்தோபஸ்தின்போது, சட்டம் ஒழுங்குக்கான ஸ்பெஷல் டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் தன்னிடம் காருக்குள் தவறாக நடந்துகொண்டார் என்று டி.ஜி.பி.யிடமும் உள்துறைச் செயலாளரிடமும் புகார் கொடுக்கச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தார். போனில் காத்திருந்த ‘அய்யா’, யாரைப் பற்றிப் புகாரோ அதே அய்யாதான்.

போலீஸுக்கு வசதி போதவில்லை என்று யாராவது பேச ஆரம்பித்தால் நமக்கு உடனே என்ன ஞாபகம் வரும்? ஓட்டை ஜீப், டீசல் இல்லை, ஆள் பற்றாக்குறை, குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறது, லீவு கிடைப்பதில்லை. எல்லாமே நிஜம்தான், மறுக்கவில்லை. 2019-ல் கள்ளக்குறிச்சி பிரியும்வரை விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு முனை மரக்காணம் கடற்கரை, இன்னொரு முனை கல்வராயன் மலை. இதற்கு ஒரே ஒரு எஸ்.பி.! ஜீப் இல்லாமல் என்ன செய்ய முடியும்? ஆனால் ஜீப் என்பது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். பட்ஜெட்டில் ஒதுக்கினால் வந்துவிடும், வந்துகொண்டும் இருக்கிறது. பரனூரில் நின்ற அந்தப் பெண் எஸ்.பி.யிடம் எதுதான் இல்லை? அரசு கார் இருந்தது, டிரைவர் இருந்தார், தோளில் அசோகச் சின்னம் இருந்தது. புகார் கொடுக்கப் போகிற வழி மட்டும்தான் அடைபட்டிருந்தது.

இந்த அடைப்பு நேற்று முளைத்ததில்லை. நம்ம ஊர் போலீஸ் பிறந்த கதையிலேயே இருக்கிறது. ஒரு நூற்று எழுபது வருடம் பின்னால் போய்விட்டு வரலாம், வாருங்கள்.

* * *

கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட காலம். விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தன. கலெக்டருக்குக் கடலூரில் ஜாகை. இன்றைக்கு நாம் பார்க்கிற மாதிரி தனியாக ஒரு போலீஸ் டிபார்ட்மென்ட் அப்போது கிடையாது. 1816-ல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி கலெக்டரேதான் மாஜிஸ்திரேட். அவருக்குக் கீழே தாசில்தார். நிலவரி வசூலிப்பதும் அவர்தான், திருடனைப் பிடிப்பதும் அவர்தான். அவர் கையில் டவாலி கட்டிய சேவகர்கள். இந்தக் கூட்டணி எப்படி வேலை பார்த்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வரி பாக்கி வைத்த குடியானவனுக்கும் திருட்டுக் கேஸில் மாட்டியவனுக்கும் ஒரே வைத்தியம்!

விஷயம் லண்டன் வரை நாறியது. 1854-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் சென்னை ராஜதானியின் லட்சணத்தைப் பற்றிக் கேள்வி கிளம்ப, அந்த வருடமே விசாரணைக் கமிஷன் போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். வரலாற்றில் இதற்கு ‘சித்திரவதைக் கமிஷன்’ என்றே பெயர். புகார் இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று அறிவித்தார்கள். கொஞ்ச அவகாசம்தான் கொடுத்தார்கள். அதற்குள் 1,959 புகார்கள் வந்து குவிந்தன. அதில் 519 பேர் நேரிலேயே வந்து நின்றார்கள். ரயில் இல்லாத காலம்! பெரும்பாலும் நடைதான்.

1855 ஏப்ரலில் கொடுத்த அறிக்கையில் நம்முடைய தமிழ் வார்த்தைகள் ஆங்கில எழுத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பெருமைப்படுகிற வார்த்தைகள் அல்ல. ‘கிட்டி’ என்பது விரல்களை நடுவில் வைத்து நெரிக்கும் மரக்கட்டை. ‘அண்ணுந்தால்’ என்பது ஆளைக் குனியவைத்துத் தலையையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது. இந்த அறிக்கை கார்ல் மார்க்ஸ் கைக்கும் போயிற்று. 1857 செப்டம்பரில் ‘நியூயார்க் டெய்லி டிரிப்யூன்’ பத்திரிகையில் இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். கிட்டியும் அண்ணுந்தாலும் அப்படித்தான் உலகப் புகழ் அடைந்தன!

கிட்டியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அறிக்கையின் வேறொரு பகுதி. சித்திரவதை நடக்கிறது என்பதைவிட, அடிபட்டவன் நியாயம் கேட்க முடியவில்லை என்பதுதான் எங்களை அதிகம் வேதனைப்படுத்துகிறது என்கிற பொருளில் கமிஷன்காரர்கள் எழுதினார்கள். காரணமும் சொன்னார்கள். கலெக்டர் இருக்கும் ஊர் வெகுதூரம். போய்வரச் செலவு. போகிற நாளெல்லாம் வேலை கெடும். இத்தனையும் தாண்டி மனு கொடுத்தால், கலெக்டர் ஆபீஸில் அதன் மேல் ஒரு வரி எழுதி வந்த வழியே திருப்பி அனுப்புவார்கள். யாருக்கு? தாசில்தாருக்கு! ‘விசாரித்து அறிக்கை தரவும்.’

யார் மேல் புகாரோ அவர் மேஜைக்கே புகார் போய்ச் சேரும். திண்டிவனத்து விவசாயி ஏன் கடலூருக்கு நடக்கவில்லை என்பது இப்போது புரிகிறதா?

* * *

கமிஷன் அறிக்கையின் பலனாகத்தான் போலீஸ் தனித் துறை ஆனது. 1859-ம் வருடத்து 24-வது சட்டம். வரி வசூலிக்கும் கையிலிருந்து லத்தியைப் பிடுங்கித் தனிக் கையில் கொடுத்தார்கள். முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் வில்லியம் ராபின்சன். (பிற்பாடு கொஞ்ச காலம் சென்னை ராஜதானிக்கே தற்காலிக கவர்னராகவும் இருந்தார்.) நம்ம ஊர் ஏற்பாடு வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. 1860-ல் இந்தியா முழுமைக்கும் போலீஸ் கமிஷன் போட்டபோது ராபின்சனும் அதில் ஓர் உறுப்பினர். அதிலிருந்து வந்ததுதான் புகழ்பெற்ற 1861 போலீஸ் சட்டம். நம்முடைய 1859 சட்டம் செத்துவிட்டதா? இல்லை. ‘தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம், 1859’ என்று பெயரில் ஒட்டுப் போட்டுக்கொண்டு ஜம்மென்று உயிரோடு இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால்தான் சிப்பாய்க் கலகத்தில் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள் வெள்ளைக்காரர்கள். அவர்கள் கட்டிய போலீஸ் எப்படி இருக்கும்? மேலே வெள்ளைக்கார சூப்பரின்டெண்டென்ட், கீழே ஆயிரக்கணக்கில் நம்மூர் கான்ஸ்டபிள்கள். மேலேயிருந்து உத்தரவு கீழே வரலாம், கீழேயிருந்து மேலே சல்யூட் மட்டும் போகலாம்! கீழே இருப்பவன் வாயைத் திறந்து ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், தனக்கு நேர் மேலே இருப்பவர் மூலமாகத்தான் சொல்ல வேண்டும். பழைய தாசில்தார் இடத்தில் இப்போது காக்கிச் சட்டை. மனு போகும் பாதை அதேதான்.

சம்பளமாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? 1902-ல் கர்சன் பிரபு போட்ட ஃப்ரேசர் கமிஷன், போலீஸ் ஊழலும் கொடுமையும் நிறைந்த துறையாக இருக்கிறது, மக்களின் நம்பிக்கையைப் பெறவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியது. கான்ஸ்டபிள் மானமாகப் பிழைக்க ஒரு குறைந்தபட்சச் சம்பளத்தையும் சிபாரிசு செய்தது. மாதம் 8 ரூபாய். இந்த 8 ரூபாயைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. (பி.காம். படித்தவனுக்கு இது ஒரு வியாதி.)

மில் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. பேங்க் கிளார்க்குக்கு உண்டு. போலீஸ்காரனுக்கு? 1922-லேயே போலீஸாரிடையே அதிருப்தியைத் தூண்டினால் ஜெயில் என்று சட்டம் போட்டார்கள். அது வெள்ளைக்காரன் போட்டது. 1966-ல் நாமே ஒன்று போட்டோம். அனுமதி இல்லாமல் சங்கத்தில் சேரக் கூடாது, பத்திரிகைக்குப் பேசக் கூடாது. ஆயுதம் வைத்திருப்பவர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் ஆபத்து என்கிற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். ஆனால் ஒரு கதவைப் பூட்டினால் இன்னொன்றைத் திறந்து வைக்க வேண்டாமா?

1979-ல் பொறுக்க முடியாமல் வெடித்தது. பஞ்சாபில் தொடங்கி மாநிலம் மாநிலமாகக் கான்ஸ்டபிள்கள் தெருவுக்கு வந்தார்கள். தமிழ்நாட்டிலும் சங்கம் வேண்டும் என்று குரல் எழுந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலம். சங்கம் நிலைக்கவில்லை. கிடைத்தது ஓர் அரசாணை. அதிகாரிகளின் வீட்டில் கான்ஸ்டபிள்களை எடுபிடி வேலைக்கு வைத்துக்கொள்ளும் ‘ஆர்டர்லி’ முறை ஒழிக்கப்படுகிறது என்று அந்த வருடம் உத்தரவு போட்டார்கள். ஒழிந்ததா? 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், நான்கு மாதத்துக்குள் ஆர்டர்லிகளை முழுசாக நீக்குங்கள் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. 43 வருடம்! நடுவில் எத்தனை கான்ஸ்டபிள்கள் நாய் குளிப்பாட்டி, காய்கறி வாங்கி ரிட்டயர் ஆகியிருப்பார்கள்? அவர்களில் யாராவது எழுத்தில் புகார் கொடுத்திருந்தால் அது யார் மேஜைக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

* * *

இந்த ஆண்கள் கோட்டைக்குள் பெண்கள் வந்தது 1973-ல். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, 20 கான்ஸ்டபிள்கள். ஆக மொத்தம் 22 பேர். தமிழ்நாட்டில் பெண் போலீஸ் அப்படித்தான் ஆரம்பித்தது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. 2010-ல் லத்திகா சரண் மாநிலத்தின் முதல் பெண் டி.ஜி.பி. ஆனார். ஏணி நன்றாகத்தான் ஏறியிருக்கிறது.

ஆனால் ரோட்டோரம் என்ன நடந்தது தெரியுமா? வி.ஐ.பி. வருகிறார் என்றால் திண்டிவனம் பைபாஸிலும் விழுப்புரம் கூட்டு ரோட்டிலும் நூறு அடிக்கு ஒரு போலீஸ். வெயிலில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். பெண் காவலர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். குடித்தால் எங்கே போவது? முதலமைச்சர் செல்லும் சாலைகளில் பாதுகாப்புக்காகப் பெண் காவலர்களை இப்படி நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது 2021 ஜூனில். 1973-லிருந்து எண்ணினால் 48 வருடம். பெண்களை வேலைக்கு எடுத்தபோதே யோசித்திருக்க வேண்டிய விஷயம் இது. யாரும் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? சொல்வதற்கு வழி இருந்ததா என்பதுதான் கேள்வி.

அந்த உத்தரவுக்கு நான்கு மாதம் முன்னால் இன்னொரு பந்தோபஸ்து. அதில்தான் நாம் முதலில் பார்த்த சம்பவம்.

டோல்கேட்டைத் தாண்டி எப்படியோ சென்னை வந்து சேர்ந்தார் அந்த அதிகாரி. அன்றைய டி.ஜி.பி. ஜே.கே.திரிபாதியிடம் புகார் கொடுத்தார். ராஜேஷ் தாஸ் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார், விசாரிக்கக் கூடுதல் தலைமைச் செயலாளர் ஜெயஸ்ரீ ரகுநந்தன் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள், சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிவு செய்தது. மார்ச் 1-ம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தாமாகவே முன்வந்து விஷயத்தைக் கையில் எடுத்தார். எஸ்.பி. பதவியில் உள்ள ஒரு பெண்ணே புகார் கொடுக்க இவ்வளவு போராட வேண்டியிருந்தால், அவருக்குக் கீழே இருப்பவர்களின் கதி என்ன என்று அவர் கேட்டது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. நீங்களும் படித்திருப்பீர்கள்.

கீழே இருப்பவர் கதி எப்படி என்பதற்கு ஒரு உதாரணம் அதற்கு எட்டு மாதம் முன்பே கிடைத்திருந்தது. சாத்தான்குளம். 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அப்பாவும் மகனும் ஸ்டேஷனில் அடிக்கப்பட்டு இறந்துபோன வழக்கு. விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட்டிடம், விடிய விடிய அடித்தார்கள் என்று உண்மையைச் சொன்னவர் தலைமைக் காவலர் ரேவதி. சொல்லிவிட்டார், கையெழுத்துப் போடத்தான் பயந்தார். வெளியே சக போலீஸார் நின்று மிரட்டிக்கொண்டிருந்ததை மாஜிஸ்திரேட்டே தன் அறிக்கையில் எழுதினார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க உத்தரவு போட்டது. போலீஸ்காரருக்குப் போலீஸிடமிருந்து பாதுகாப்பு! 1855-ல் கமிஷன் முன்னால் வந்து நின்ற 519 பேருக்கும் இந்தப் பயம்தான் இருந்திருக்கும்.

* * *

ராஜேஷ் தாஸ் வழக்கு விழுப்புரத்தில், தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் நடந்தது. சின்ன ஊர். கோர்ட் வாசலில் ஒரு டி.எஸ்.பி. ஜீப் வந்து நின்றாலே திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே டி.ஜி.பி. அந்தஸ்தில் இருந்தவர் கூண்டில். இங்கே விசாரிக்கக் கூடாது என்று மனு, வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி மனு என்று பல முயற்சிகள் நடந்தன. எதுவும் பலிக்கவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறியவர்களில் காக்கிச் சட்டைக்காரர்கள் பலர். தங்களுக்கு எத்தனையோ படி மேலே இருந்த ஒருவருக்கு எதிராக அவர் கண்ணெதிரே சொல்ல வேண்டும். இதற்கு எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் பாடம் கிடையாது.

2023 ஜூன் 16. நடுவர் எம்.புஷ்பராணி தீர்ப்பு சொன்னார். ராஜேஷ் தாஸுக்கு மூன்று ஆண்டு சிறை, 20,500 ரூபாய் அபராதம். காரை மறித்த முன்னாள் செங்கல்பட்டு எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் விழுப்புரம் முதன்மை அமர்வு நீதிமன்றம் ராஜேஷ் தாஸின் தண்டனையை உறுதி செய்தது. அவர் மேலே போனார். அந்த வருடம் மே மாதம், சரணடைவதிலிருந்து உச்ச நீதிமன்றம் அவருக்கு இடைக்கால விலக்கு கொடுத்தது.

அந்த 500 ரூபாயில்தான் என் கணக்கு. நீதிபதி கஞ்சத்தனம் செய்யவில்லை. ஒருவரைச் சட்டவிரோதமாக வழிமறித்தால் இந்திய தண்டனைச் சட்டம் 341-வது பிரிவில் அபராதத்துக்கு உச்சவரம்பே அவ்வளவுதான். 1860-ல் எழுதியது. அன்றைக்கு அது எவ்வளவு பெரிய பணம்! ஃப்ரேசர் கமிஷன் சொன்ன 8 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு கான்ஸ்டபிள் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தால்தான் 500 தேறும். 2023-ல் ஒரு எஸ்.பி.க்கு? குடும்பத்தோடு ஹோட்டலில் சாப்பிட்டால் கை நனைக்கும் காசு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதை 5,000 ஆக்கியிருக்கிறார்கள்.

எஸ்.பி.யை விடுங்கள். அன்றைக்கு அவரோடு டோல்கேட்டில் நின்ற சாதாரணப் போலீஸ்காரர்களை நினைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் நீங்கள் ஒரு கான்ஸ்டபிள். எஸ்.பி. உத்தரவு போடுகிறார், ‘வண்டியை நிறுத்து, சாவியை எடு.’ காருக்குள் இருப்பவரும் எஸ்.பி. ‘சட்டப்படி பிறப்பிக்கப்பட்ட உத்தரவுகளுக்கு’ உடனே கீழ்ப்படிய வேண்டும் என்கிறது போலீஸ் சட்டம். மீறினால் மூன்று மாதச் சம்பளம் போகும், இல்லாவிட்டால் மூன்று மாதம் உள்ளே. அது சட்டப்படியான உத்தரவா இல்லையா என்று நடுரோட்டில், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள்? அவர் கையில் லத்தி இருக்கிறது, வாக்கி டாக்கி இருக்கிறது. ‘முடியாது அய்யா’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குவதற்கான ஏற்பாட்டை மட்டும் யாரும் செய்து கொடுக்கவில்லை.

செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2006-லேயே பிரகாஷ் சிங் வழக்கில் உத்தரவு போட்டது. எஸ்.பி.க்கும் ஸ்டேஷன் பொறுப்பாளருக்கும் குறைந்தது இரண்டு வருடம் மாற்றல் பயம் இருக்கக் கூடாது, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் தனி ஆணையம் வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். தமிழ்நாடு 2013-ல் சீர்திருத்தச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஆணையமும் வந்தது. மாநில அளவில் அதன் தலைவர் உள்துறைச் செயலாளர், டி.ஜி.பி. ஓர் உறுப்பினர். மாவட்டத்தில் தலைவர் யார் தெரியுமா? கலெக்டர். 1855-ல் விட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம்!

சில நல்ல காரியங்களும் நடந்திருக்கின்றன, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. 2021-ல் வார விடுமுறை உத்தரவு வந்தது. 2023-ல் பெண் போலீஸின் பொன்விழா கொண்டாடியபோது காலை 7 மணி ரோல் கால் பெண்களுக்கு 8 மணி என்று மாறியது. வீட்டில் பிள்ளைக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு வரலாம். சின்ன விஷயம்தான், ஆனால் யாரோ கேட்டிருக்கிறார்கள், யாரோ காது கொடுத்திருக்கிறார்கள்.

பரனூரில் மறிக்கப்பட்டவர் கடைசியில் சென்னை போய்ச் சேர்ந்துவிட்டார். ஐ.பி.எஸ். அதிகாரி, டி.ஜி.பி.யை நேரில் பார்க்க முடிந்தது. திண்டிவனம் ஸ்டேஷனில் ஓர் இரண்டாம் நிலைப் பெண் காவலர் தன் மேலதிகாரி மீது புகார் கொடுக்கச் சென்னைக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். முதலில் லீவு கேட்க வேண்டும். லீவு லெட்டரில் காரணம் எழுத வேண்டும். அந்த லெட்டரை அவர் நீட்ட வேண்டியதும் அதே அதிகாரியிடம்தான்.